வடிவம் தொழிற்சாலையில், கணக்கு ஆய்வகத்தில்

ஒரு பொருளின் உருவத்தைக் கணினி கையாளக்கூடிய எண்களாக எழுதிவைத்தால் அது டிஜிட்டல் வடிவம். கார் கதவின் வளைவு, சி.டி. ஸ்கேனிலிருந்து பிரித்தெடுத்த தொடை எலும்பு, அருங்காட்சியகச் சிலையின் முகம், வீடியோ விளையாட்டில் ஓடும் மனித உருவம் எல்லாம் இதில் அடங்கும். எழுதும் முறைகள் பல. பொருளின் மேற்பரப்பைச் சிறுசிறு முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முனையும் எங்கே நிற்கிறது என்று குறிப்பது ஒரு முறை. இதற்கு முக்கோண வலை என்று பெயர். வளைவுகளைக் கணிதச் சமன்பாடுகளாகவே வைத்திருப்பது இன்னொரு முறை. பொறியியல் வடிவமைப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. ஸ்கேனர் அளந்து தரும் வெறும் புள்ளித் திரள் மூன்றாவது வகை.

ஒரு வகையை இன்னொன்றாக மாற்றுவது, ஓட்டை விழுந்த வலையைச் செப்பனிடுவது, ஆயிரம் வடிவங்களில் ஒத்தவற்றைத் தேடுவது ஆகியவை வடிவ ஆராய்ச்சியின் அன்றாட வேலைகள். இவற்றுக்கான கணிதத்தை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். வடிவங்களோ தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் திரைப்பட ஸ்டூடியோக்களிலும் இருக்கின்றன. இரு தரப்பையும் ஒரே ஆராய்ச்சி வலையமைப்புக்குள் கொண்டுவரும் முயற்சி ஐரோப்பாவில் 2000-களில் திட்டமிட்டு நடந்தது. நிறுவனங்களிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் கிடைக்காது, கிடைக்காததை வேறு எந்த வழியில் பெறலாம் என்பதை அந்த அனுபவம் தெளிவாகக் காட்டியது.

நிறுவனங்களில் பிறந்த துறை

இந்தத் துறையின் அடிப்படைக் கணிதத்தில் ஒரு பகுதி கார் நிறுவனங்களில் பிறந்தது. பிரான்சின் சிட்ரோயன் நிறுவனத்தில் வேலைபார்த்த கணிதவியலர் பால் த காஸ்டெல்ஜோ, கார் உடலின் வளைவுகளைச் சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் விவரிக்கும் முறையை 1959-இல் கண்டுபிடித்தார். நிறுவனம் அதை வெளியே விடவில்லை. ரெனோ நிறுவனத்தின் பொறியாளர் பியர் பெஸியே, அதே வளைவுகளைத் தனி வழியில் அடைந்து 1960-களில் கட்டுரைகளாக வெளியிட்டார். முதலில் கண்டவர் காஸ்டெல்ஜோ என்றாலும், இன்று எழுத்துரு வடிவமைப்பு முதல் அனிமேஷன் வரை எங்கும் பயன்படும் அந்த வளைவுகளுக்கு நிலைத்த பெயர் பெஸியே வளைவு.

அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வில்லியம் லாரன்சன், ஹார்வி கிளைன் இருவரும் மருத்துவ ஸ்கேன் படங்களிலிருந்து முப்பரிமாண மேற்பரப்பை எடுக்கும் ‘மார்ச்சிங் கியூப்ஸ்’ முறையை 1987-இல் வெளியிட்டார்கள். இந்தத் துறையில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அதுவும் ஒன்று. ஆனால் அதன் காப்புரிமை 2005 வரை நிறுவனத்திடம் இருந்தது. கட்டுரையை யாரும் படிக்கலாம். முறையை மென்பொருளில் சேர்க்க உரிமம் வேண்டும். இதைத் தவிர்க்கவே, கனசதுரங்களுக்குப் பதில் நான்முகிகளைக் கொண்டு அதே வேலையைச் செய்யும் மாற்று முறைகளைப் பலர் கையாண்டார்கள். ஒரு நிறுவனம் ஆராய்ச்சியைப் பகிர்ந்துகொள்வதும் அதன் பயன்பாட்டைத் திறந்துவிடுவதும் வெவ்வேறு முடிவுகள் என்பதற்கு இது நல்ல சான்று.

ஐரோப்பாவின் வலையமைப்பு

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆறாவது ஆராய்ச்சித் திட்டம் 2002 முதல் 2006 வரை நடந்தது. நாட்டுக்கு நாடு சிதறிக்கிடந்த ஆய்வுக்குழுக்களை இணைக்க அது ஒரு புதிய நிதிவகையைக் கொண்டுவந்தது. ஒரு துறையில் சிறந்த குழுக்கள் சேர்ந்து, பொதுவான வேலைத்திட்டம் வகுத்து, கருவிகளையும் தரவுகளையும் பகிர்ந்துகொண்டு, நிதி நின்ற பிறகும் ஒன்றாக இயங்க வேண்டும் என்பது நோக்கம்.

வடிவத் துறையில் அமைந்த வலையமைப்பு ‘எய்ம்-அட்-ஷேப்’. 2004-இல் தொடங்கி நான்கு ஆண்டுகள் நடந்த அதை இத்தாலியின் ஜெனோவாவில் உள்ள தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் பயன்பாட்டுக் கணித நிறுவனம் ஒருங்கிணைத்தது. பிரான்சின் இன்ரியா, நார்வேயின் சின்டெஃப், ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் கணினி வரைவியல் நிறுவனமும் மாக்ஸ் பிளாங்க் கணினியியல் நிறுவனமும், நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம், இஸ்ரேலின் டெக்னியான், வைஸ்மன் நிறுவனம் ஆகியவை அதன் உறுப்பினர்களில் சில. உறுப்பினர்களில் முதன்மையானவை பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிறுவனங்களுமே.

அதற்கு நிதிவிதியும் ஒரு காரணம். இந்த வகை வலையமைப்புக்கான மானியம், அதில் சேரும் ஆய்வாளர்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்பட்டது: 50 ஆய்வாளர்கள் என்றால் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் யூரோ, 100 பேர் என்றால் 20 லட்சம். அந்தப் பணம் குழுக்களை இணைப்பதற்கானது. ஒரு பொருளை உருவாக்கி முடிப்பதற்கானது அல்ல. அடுத்த ஆண்டு சந்தைக்கு என்ன வரும் என்று கணக்குப் பார்க்கும் நிறுவனத்துக்கு இப்படிப்பட்ட அமைப்பில் முழு உறுப்பினராக இருக்கப் பெரிய ஈர்ப்பு இல்லை. ஆகவே நிறுவனங்களைப் பயனர்களாக, ஆலோசகர்களாக, சிக்கல்களைக் கொண்டுவருபவர்களாக ஈடுபடுத்தும் வழிகளைத் தேட வேண்டியிருந்தது.

நிறுவனம் கொண்டுவருவது என்ன?

முதலாவது, கடினமான வடிவங்கள். ஆய்வுக்கட்டுரைகளில் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்த சோதனைப் பொருள் ஒரு களிமண் முயல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிரெக் டர்க், மார்க் லெவாய் இருவரும் 1994-இல் ஸ்கேன் செய்த அந்த முயலில் 69,451 முக்கோணங்கள். அடிப்பகுதியில் சில ஓட்டைகள் உண்டு என்பதைத் தவிர்த்தால் சாதுவான வடிவம்: மென்மையான வளைவு, ஒரே துண்டு, நடுத்தர அளவு. தொழிற்சாலையிலிருந்து வரும் வடிவம் அப்படி இருக்காது. ஒரு பம்ப்பின் மேலுறையில் கூர்மையான விளிம்பு இருக்கும், மில்லிமீட்டர் கனத்தில் சுவர் இருக்கும், அடுத்தடுத்த பரப்புகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கும். முயலில் பிரமாதமாக ஓடிய நிரல் இந்த மேலுறையில் நின்றுவிடும். எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் ஆய்வாளருக்கு அடுத்த கேள்வி கிடைக்கும்.

இரண்டாவது, வடிவத்தின் பொருள். முப்பரிமாண அச்சுக்காக 3டி சிஸ்டம்ஸ் நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த எஸ்.டி.எல். கோப்புவகை முக்கோணங்களை மட்டுமே சுமக்கிறது. எண்கள் மில்லிமீட்டரா அங்குலமா என்றுகூட அதில் எழுதப்படுவதில்லை. அதில் ஒரு வட்ட ஓட்டை என்பது முக்கோணங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம், அவ்வளவே. அது போல்ட் போவதற்கா, எண்ணெய் ஓடுவதற்கா, எடையைக் குறைப்பதற்கா என்பது அதை வடிவமைத்த பொறியாளருக்குத்தான் தெரியும்.

இந்த அறிவை எப்படிக் கணிதமாக்கலாம் என்பதற்கு எய்ம்-அட்-ஷேப்புக்கு முன்பே ஒரு முன்மாதிரி இருந்தது. ‘ஃபியோரெஸ்-2’ என்ற ஐரோப்பியத் திட்டத்தில் பிஎம்டபிள்யூ, பினின்ஃபரினா போன்ற நிறுவனங்களின் கார் வடிவமைப்பாளர்களோடு ஆய்வாளர்கள் உட்கார்ந்து, அவர்கள் வேலையின்போது பேசும் சொற்களைத் திரட்டினார்கள். ஒரு கோட்டுக்கு ‘இழுவிசை’ போதாது, இங்கே ‘முடுக்கம்’ வேண்டும், இந்தப் பரப்பு ‘குழிந்து’ தெரிகிறது என்றெல்லாம் வடிவமைப்பாளர்கள் சொல்வார்கள். ஒவ்வொரு சொல்லும் வளைவின் எந்த அளவோடு பொருந்துகிறது என்று கண்டு, அதை மென்பொருளில் திருகிச் சரிசெய்யக்கூடிய அளவீடாக மாற்றுவது வேலை. உதாரணமாக, முடுக்கம் என்பது கோட்டின் வளைவு ஓரிடத்தில் எவ்வளவு விரைவாகக் கூடுகிறது என்பதைப் பற்றியது. வடிவமைப்பாளர்கள் மேசைக்கு வராமல் இந்த அகராதியை யாராலும் எழுதியிருக்க முடியாது.

மூன்றாவது, கருவி. ஸ்டான்ஃபோர்டின் ‘டிஜிட்டல் மைக்கேலாஞ்சலோ’ திட்டம் 1998-99-இல் புளோரன்ஸ் நகரில் தாவீது சிலையை ஸ்கேன் செய்தபோது, அதற்கென்றே தனி ஸ்கேனரைக் கலிஃபோர்னியாவின் சைபர்வேர் நிறுவனம் கட்டிக்கொடுத்தது. சிலையின் உயரம் 434 செ.மீ. என்று நூல்கள் சொன்னதை நம்பித் தாங்கி வடிவமைக்கப்பட்டிருந்தது. நேரில் அளந்தபோது 517 செ.மீ. தாங்கியை உயர்த்தி மாற்ற வேண்டியதாயிற்று. 22 பேர் 30 இரவுகள் வேலைசெய்து எடுத்த அளவீடுகளில் 200 கோடிப் பலகோணங்கள் இருந்தன. அவ்வளவு பெரிய வடிவத்தைத் திரையில் காட்டுவதே தனி ஆராய்ச்சியானது.

தயக்கத்தின் காரணங்கள்

நிறுவனத்திடம் இருக்கும் மிகப் பயனுள்ள பொருளே, அது எளிதில் தராத பொருளாகவும் இருக்கிறது. புதிய எஞ்சினின் முழு வடிவம் என்பது போட்டியாளருக்கு அந்த எஞ்சினையே கையில் கொடுப்பதற்குச் சமம். பழைய மாதிரியைத் தரலாம் என்றாலும், உதிரிபாகம் செய்யும் மூன்றாவது நிறுவனத்தின் உரிமை அதில் கலந்திருக்கும். மருத்துவமனை எனில் நோயாளியின் அந்தரங்கம் குறுக்கே நிற்கும். தாவீதின் வடிவத்தைக்கூட இத்தாலிய அதிகாரிகளின் நிபந்தனைப்படி ஆராய்ச்சிக்கு மட்டுமே தர முடிந்தது. வணிகப் பயனுக்குத் தர முடியவில்லை.

காலக்கணக்கும் ஒத்துவராது. முனைவர் பட்ட ஆய்வு மூன்று நான்கு ஆண்டுகள் எடுக்கும். நிறுவனத்தின் சிக்கலுக்குத் தீர்வு இந்தக் காலாண்டில் வேண்டும். ஆய்வாளருக்குக் கட்டுரை வெளியாக வேண்டும்; வெளியான மறுநாள் அந்த முறையைக் காப்புரிமை செய்ய ஐரோப்பாவில் வழியில்லை. இந்த முரண்பாடுகளைச் சமாளிக்கப் பெரிய கொள்கை அறிக்கை எதுவும் உதவவில்லை. சிறுசிறு ஏற்பாடுகள்தான் உதவின.

உரிமத்தோடு ஒரு களஞ்சியம்

எய்ம்-அட்-ஷேப் உருவாக்கிய முக்கியப் பொருள் ஒரு பொது வடிவக் களஞ்சியம். ஒவ்வொரு வடிவத்தோடும் அதை யார் தந்தார், எந்தக் கருவியால் எடுத்தார், எத்தனை முக்கோணங்கள், வலை மூடியதா திறந்ததா, யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்ற விவரங்கள் சேர்த்து வைக்கப்பட்டன. தருபவர் நிபந்தனையைத் தெளிவாக எழுதிவைக்க முடியும் என்பது, தரலாமா வேண்டாமா என்று தயங்குபவரின் அச்சத்தைக் குறைக்கும். களஞ்சியத்துக்கு அருகிலேயே மென்பொருள் கருவிகளின் தொகுப்பும் வைக்கப்பட்டது.

இவற்றின் மேல் ‘ஆன்டாலஜி’ எனப்படும் கருத்து வரைவுகள் கட்டப்பட்டன. ஒரு துறையில் என்னென்ன பொருள்கள் உண்டு, அவற்றுக்குள் என்ன உறவு என்று கணினி படிக்கும்படி எழுதிவைப்பது இது. மெய்நிகர் மனித உருவங்கள், வடிவங்களை ஸ்கேன் செய்து செப்பனிடுதல், பொருள் வடிவமைப்பு ஆகிய மூன்று துறைகளுக்கு வரைவுகள் உருவாயின. அவற்றை எழுதும்போது தொழிலில் இருப்பவர்களின் அறிவு இன்றியமையாதது. அதே சமயம் ரகசியமும் கசிவதில்லை: எந்த விசையாழியின் வடிவத்தையும் தராமலே, விசையாழி வடிவமைப்பில் எதற்குப் பிறகு எது செய்யப்படுகிறது என்று பொறியாளர் சொல்லிவிடலாம்.

எல்லோருக்கும் ஒரே தேர்வு

வலையமைப்பின் இன்னொரு விளைவு ‘ஷ்ரெக்’ என்ற வடிவத் தேடல் போட்டி. உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் ரெம்கோ வெல்ட்காம்ப் முன்னின்று 2006-இல் தொடங்கினார். ஒரு நாற்காலியின் வடிவத்தைக் கேள்வியாகக் கொடுத்தால், தொகுப்பிலிருந்து ஒத்தவற்றை வரிசைப்படுத்தித் தர வேண்டும். நாற்காலிகள் வரிசையின் முன்னால் வந்தால் மதிப்பெண் கூடும். மேசை முந்திக்கொண்டால் குறையும். முதல் ஆண்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் 1,814 வடிவங்கள் கொண்ட தொகுப்பை வைத்தே சோதனை நடந்தது. பின்னர் போட்டி பல பிரிவுகளாக விரிந்தபோது பொறியியல் பாகங்கள், முகங்கள், புரத மூலக்கூறுகள் எனத் தொழில்சார் வடிவங்களும் சேர்ந்தன.

நிறுவனங்களுக்கு இது வசதியான வாசல். பழைய பாகம் கிடங்கில் இருப்பது தெரியாமல் அதே பாகத்தைப் புதிதாக வடிவமைப்பது தொழிற்சாலைகளில் வழக்கமான செலவு. அதைத் தவிர்க்க நல்ல தேடல் வேண்டும். எந்த ஆய்வகத்தின் முறை தங்கள் வேலைக்கு ஒத்துவரும் என்று பத்துக் கட்டுரைகளைப் படித்து ஊகிப்பதைவிட, ஒரே தரவில் எல்லோரும் எழுதிய தேர்வின் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பது எளிது.

இரட்டை உரிமம்

மென்பொருள் வழியாக அமைந்த உறவு எல்லாவற்றையும்விட நீடித்தது. உட்ரெக்ட், சூரிச், பெர்லின், டெல் அவிவ் உள்ளிட்ட இடங்களின் குழுக்களும் இன்ரியாவும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் சேர்ந்து 1996-இல் ஐரோப்பிய நிதியில் ‘சிகால்’ என்ற வடிவியல் நிரல் நூலகத்தைத் தொடங்கின. அது தீர்க்க வந்த சிக்கல் நுட்பமானது. ஒரு புள்ளி ஒரு கோட்டுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்பது எளிய கேள்வி. ஆனால் கணினி தசம எண்களை வெட்டிச் சுருக்கி வைத்திருப்பதால், புள்ளி கோட்டுக்கு மிக அருகில் இருந்தால் பதில் தவறிவிடும். ஓரிடத்தில் இடம் என்றும், சற்றுக் கழித்து அதே புள்ளியை வலம் என்றும் கணினி சொன்னால் முழு வலையும் குலைந்து, நிரல் முடிவில்லாமல் சுற்றும். சந்தேகம் வரும் இடங்களில் மட்டும் துல்லியக் கணக்குக்கு மாறுவது சிகால் கையாண்ட வழி.

ஐரோப்பிய நிதி நின்ற பிறகும் நூலகம் பிழைத்ததற்குக் காரணம் உரிம ஏற்பாடு. 2003-இல் சிகால் திறமூல மென்பொருளானது. அதே ஆண்டு இன்ரியாவிலிருந்து கிளைத்த ‘ஜியோமெட்ரி ஃபேக்டரி’ என்ற சிறு நிறுவனம் அதன் வணிக உரிமங்களை விற்கத் தொடங்கியது. தங்கள் நிரலையும் திறந்துவைக்கச் சம்மதிப்பவர்களுக்கு நூலகம் இலவசம்; நிரலை மூடிவைக்க விரும்பும் நிறுவனம் பணம் கட்டி வேறு உரிமம் வாங்க வேண்டும். நிறுவனம் பராமரிப்பையும் ஆதரவையும் பெறுகிறது. ஆய்வகம் எங்கே நிரல் உடைகிறது என்ற தகவலைப் பெறுகிறது.

நடுவில் நிற்பவர்கள்

சில நாடுகளில் இந்தப் பாலம் நிறுவன அமைப்பிலேயே இருக்கிறது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் அமைப்புக்கு அரசின் அடிப்படை நிதி ஒரு பகுதிதான். மீதியை நிறுவன ஒப்பந்தங்களிலிருந்தும் போட்டித் திட்டங்களிலிருந்தும் ஈட்ட வேண்டும். 1950-இல் தொடங்கிய நார்வேயின் சின்டெஃப் நிறுவனமும் ஒப்பந்த ஆராய்ச்சியில் வாழ்கிறது. இவர்கள் வலையமைப்பில் உட்காரும்போது, பல ஆண்டுகளாகத் தங்களிடம் வரும் நிறுவனங்களின் சிக்கல்களையும் பெயர் சொல்லாமல் கூடவே கொண்டுவருகிறார்கள்.

பிரான்சில் 1981 முதல் ‘சிஃப்ர்’ என்ற முறை நடைமுறையில் இருக்கிறது. முனைவர் பட்ட மாணவரை நிறுவனம் மூன்று ஆண்டுகளுக்கு ஊழியராக எடுத்துக்கொள்கிறது. அரசு நிறுவனத்துக்கு மானியம் தருகிறது. பல்கலைக்கழக ஆய்வகம் வழிகாட்டுகிறது. மாணவர் நிறுவனத்தின் ஊழியர் என்பதால் ரகசிய வடிவங்களை அவர் பார்க்கலாம். அவற்றை வெளியிடாமல், அவற்றில் கண்ட சிக்கலையும் தீர்வையும் ஆய்வேட்டில் எழுதலாம்.

ஒப்பந்தத்தில் பிரிக்க வேண்டியவை

எந்த வழியில் சேர்ந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டிய ஒரு பிரிவினை உண்டு. உள்ளே வரும்போது ஒவ்வொருவரும் ஏற்கெனவே வைத்திருந்த அறிவு ஒன்று. சேர்ந்து வேலைசெய்து உண்டாக்கிய அறிவு இன்னொன்று. ஐரோப்பியத் திட்டங்கள் இந்த இரண்டையும் தொடக்கத்திலேயே பிரித்து எழுதச் சொல்கின்றன. முன்பே இருந்தது அவரவருக்கே சொந்தம்; மற்றவர்கள் அதை எந்த வேலைக்கு, எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்பது மட்டும் பேசப்படுகிறது. புதிதாக உண்டானது, உண்டாக்கியவருக்குச் சொந்தம். கட்டுரை வெளியாகும் முன் பங்காளிகளுக்கு அதைப் பார்க்க அவகாசம் தரப்படும். காப்புரிமை கோர வேண்டுமானால் அதற்குள் கோரிவிட வேண்டும்.

நிதிவிகிதமும் மாறிவந்தது. 2007-இல் தொடங்கிய ஏழாவது திட்டத்தில் பெரிய நிறுவனங்களின் ஆராய்ச்சிச் செலவில் பாதியும், சிறு நிறுவனங்களுக்கு 75 விழுக்காடு வரையும் திருப்பித் தரப்பட்டன. 2014-இல் வந்த ‘ஹொரைசன் 2020’ திட்டத்தில் ஆராய்ச்சிப் பணிகளுக்கு எல்லோருக்கும் முழுச் செலவும் கிடைத்தது.

வலையமைப்புக்குப் பிறகு

எய்ம்-அட்-ஷேப் முடிந்ததும் 2008-இல் ‘ஃபோகஸ் கே3டி’ என்ற சிறு திட்டம் தொடர்ந்தது. புதிய கணிதம் கண்டுபிடிப்பது அதன் வேலை அல்ல. மருத்துவமும் உயிர்த்தகவலியலும், விளையாட்டும் உருவகப்படுத்துதலும், பொருள் வடிவமைப்பு, தொல்லியலும் பண்பாட்டு மரபும் என நான்கு பயனர் துறைகளைக் கூட்டி, ஏற்கெனவே உள்ள கருவிகளில் எதை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், எது அவர்களுக்கு உதவவில்லை என்று கேட்பதே வேலை. வடிவக் களஞ்சியம் பின்னர் பிரான்சின் கிரெனோபிள் நகரிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்ட ‘விஷனேர்’ என்ற ஆய்வுக் கட்டமைப்புக்குள் சென்றது.

கடந்த சில ஆண்டுகளில் இயந்திரக் கற்றல் வந்ததும், வடிவங்களைத் திரட்டித் தரும் பொறுப்பில் மென்பொருள் நிறுவனங்களுக்குப் பெரிய பங்கு வந்தது. ஆன்ஷேப் என்ற வடிவமைப்புச் சேவையில் இலவசமாகச் சேர்பவர்களின் வடிவங்கள் பொதுவில் வைக்கப்படும். அவற்றிலிருந்து 2019-இல் ஆய்வாளர்கள் 10 லட்சம் வடிவங்கள் கொண்ட ‘ஏபிசி’ தொகுப்பை உருவாக்கினார்கள். ஆட்டோடெஸ்க் நிறுவனம் தன் ஃபியூஷன் 360 பயனர்கள் படிப்படியாக வடிவமைத்த 8,625 வடிவங்களை, எந்த வரிசையில் கட்டினார்கள் என்ற விவரத்தோடு ஆராய்ச்சிக்கு வெளியிட்டது.

எண்ணிக்கையில் இவை பழைய களஞ்சியங்களைப் பல மடங்கு மிஞ்சுகின்றன. ஆனால் இவற்றில் இருப்பவை, பயனர்கள் பொதுவில் வைக்கச் சம்மதித்த வடிவங்கள். ஒரு விமான எஞ்சினின் விசிறி அலகோ, சந்தைக்கு வராத செயற்கை மூட்டோ இவற்றில் கிடைக்காது. அப்படிப்பட்ட வடிவங்களைப் பொறுத்தவரை, கோப்பை வெளியே வாங்கும் முயற்சியைவிட ஆய்வாளரை உள்ளே அனுப்பும் முனைவர் பட்ட ஏற்பாடும், ரகசியம் காக்கும் ஒப்பந்த ஆராய்ச்சியும்தான் இன்றும் நடைமுறையில் பலன் தருகின்றன.